கறுவாத்தோட்டமா, புதுக் குடியிருப்புத் திட்டமா? கொழும்பில் இடம் பார்த்து வீடு வாங்கும் முறை

அக்கா குடும்பத்துக்கு வீடு தேடி நாலு மாதம் கொழும்பைச் சுற்றினோம். ஒரு பக்கம் கறுவாத்தோட்டம், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று பெயரெடுத்த பழைய பகுதிகள். மறுபக்கம் மாலபே, அதுருகிரிய வழியில் மதில் கட்டி, கேற்றில் காவலாளி நிற்கும் புதுத் திட்டங்கள். முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு நாங்கள் போன வரிசையையே எழுதுகிறேன்.

படி 1: வீட்டுக்கு முன் உங்கள் வேலைநாளைப் பாருங்கள்

வீட்டில் யார், எத்தனை மணிக்கு, எங்கே போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் காலை ஆறரைக்கு, வீடு பார்க்கும் இடத்திலிருந்து புறப்பட்டுப் பாருங்கள். நாங்கள் மாலபேயில் 177 பஸ் ஏறினோம். பத்தரமுல்லை தாண்டி இராஜகிரிய வருவதற்குள் அம்மா மூன்று தடவை நேரம் கேட்டுவிட்டார். ஞாயிறு பின்னேரம் தரகரின் காரில் போயிருந்தால் இது தெரிந்திருக்காது.

சின்னப் பிள்ளை இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அரச பாடசாலையில் முதலாம் வகுப்புக்கு, அருகில் வசிப்போர் பிரிவில் வீட்டின் தூரமும் வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்த ஆண்டுகளும் புள்ளியாகும். பிள்ளைக்கு ஐந்து வயதான பிறகு வீடு மாறினால் அந்த ஆண்டுகளைத் திரும்பப் பெற முடியாது.

படி 2: மழை பெய்யும்போது போங்கள்

கொழும்பு சதுப்பு நிலத்தோடு வளர்ந்த நகரம். 2010 நவம்பரில் பாராளுமன்றத்தைச் சுற்றியே வெள்ளம் நின்றது. புதுத் திட்டம் என்றால் அந்தக் காணி முன்பு வயலா, மண் போட்டு உயர்த்தியதா என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். பழைய பகுதி என்பதற்காக விட்டுவிடாதீர்கள். வெள்ளவத்தை வாய்க்காலுக்குக் கிட்ட ஒரு வீடு பார்த்தோம். வெளிச்சுவரில் முழங்கால் உயரம் வரைக்கும் மட்டும் புதுப் பெயின்ற். அக்கா நகத்தால் சுரண்டினாள். கீழே பழுப்பு நிறத்தில் தண்ணீர் நின்ற கோடு.

படி 3: உறுதியை (உரிமைப் பத்திரத்தை) படியுங்கள்

இதில் அவசரப்படவே கூடாது. பழைய வீட்டுக்கு உங்கள் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேட வேண்டும். நம்மவர் வீடுகளில் பெரிய சிக்கல், பிரிக்காத பங்கு. தகப்பன் இறந்திருப்பார், பிள்ளைகளில் ஒருவர் கனடாவில், ஒருவர் லண்டனில். பங்குள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் அவருக்காக இன்னொருவர் கையெழுத்திட முறையான அதிகாரப் பத்திரம் (அற்றோணித் தத்துவம்) வேண்டும். “தம்பி ஓம் என்று சொல்லிவிட்டார்” என்ற வாய்ப்பேச்சை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள்.

தொடர்மாடி என்றால் அனுமதித்த பிளான்படியே கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா, ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகக் காட்டும் கூட்டாதனப் பிளான் பதிவாகி உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி வருமா, முழு உரிமையா குத்தகையா என்று கேளுங்கள். கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் துறைமுக நகரத்தைப் பற்றி விசாரிப்பவர்களும் முதலில் இந்தக் கடைசிக் கேள்வியையே கேட்க வேண்டும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் உறவினர் பேரில் வாங்க நினைத்தால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும். அவர்கள் காணி வாங்க முடியாது. தொடர்மாடி வீடு வாங்கலாம். பணம் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வர வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

படி 4: கட்டி முடிந்ததற்கு மட்டும் விலை சொல்லுங்கள்

புதுத் திட்டத்தின் கவர்ச்சி நீச்சல்குளம், பூங்கா, கடைத்தொகுதி. அவை நீங்கள் போகும் நாளில் நிற்கின்றனவா, படத்தில் மட்டும் இருக்கின்றனவா? படத்தில் உள்ளதற்கு ஒரு சதமும் கூட்டிக் கொடுக்காதீர்கள். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்டு, போன வருடக் கணக்கையும் வாங்கிப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அப்போது ஜெனரேட்டருக்கு டீசல் கிடைத்ததா, லிப்ட் ஓடியதா என்று அங்கே குடியிருப்பவரிடமே கேளுங்கள். எங்களுக்கு ஒரு மாமி பத்து நிமிடத்தில் சொன்னது, விற்பனை அலுவலகத்தில் ஒரு மணி நேரம் இருந்தும் கிடைக்கவில்லை.

வயதான பெற்றோர் கூட இருந்தால், தூரத்துப் பெரிய வீட்டை விட பழைய பகுதியில் சின்ன வீடே மேல் என்பது என் முடிவு. பழைய பகுதியும் வேண்டும், புதுத் திட்டத்தின் வசதியும் வேண்டுமென்றால் நகருக்குள்ளேயே எழுந்த திட்டங்களைப் பாருங்கள். வெள்ளவத்தை நெசவாலை இருந்த காணியில் வந்த ஹெவ்லொக் சிட்டி அப்படி ஒன்று.

படி 5: முத்திரை வரியைத் தனியாக வையுங்கள்

உறுதி எழுதும்போது முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 5 கோடி ரூபாய் வீட்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம். உறுதி எழுதும் நொத்தாரிசின் கட்டணம் வேறு. அதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை வைத்துத்தான் பேரம் பேச உட்கார வேண்டும்.