இணை எதிரியின் ஒப்புதல் வாக்குமூலம்: வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் எழும்பூர் அல்லது சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் நகல் வாங்கிப் படிக்கும் குற்றப்பத்திரிகைகளில், ‘முதல் எதிரி கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தின்பேரில் இரண்டாம் எதிரி கைது செய்யப்பட்டார்’ என்ற வரியை அடிக்கடி பார்க்கலாம் (எதிரி என்பது இங்கே குற்றஞ்சாட்டப்பட்டவர்). அதையே இரண்டாம் எதிரிக்கு எதிரான சாட்சியமாகக் கொள்வது முதல் தவறு. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல், 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவின்படியும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-வது பிரிவின்படியும், சொன்னவருக்கு எதிராகவே செல்லாது. அப்படியிருக்க, உடன் இருப்பவர் மீது அது எப்படிப் பாயும்?

பொருள் கைப்பற்றல் மட்டும் விதிவிலக்கு. ‘என்னை அழைத்துச் சென்றால் கத்தியை மறைத்து வைத்த இடத்தைக் காட்டுகிறேன்’ என்ற பகுதியைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யலாம். அதை ஒட்டியே ‘வெட்டியது அவன்தான்’ என்ற வரியும் நுழையும்போது எதிரி தரப்பு வழக்கறிஞர் வாய்மூடி இருப்பதுதான் வேதனை. போதைப்பொருள் வழக்குகளில், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) 67-வது பிரிவின்கீழ் அதிகாரிகள் பெறும் வாக்குமூலத்தையும் ஒப்புதலாகப் பயன்படுத்த முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற தோஃபன் சிங் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்துவிட்டது.

நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் முறையாகப் பதிவான ஒப்புதலாகவே இருந்தாலும், ஒருவரின் ஒப்புதலை மற்றவருக்கு எதிராகவும் கருத்தில் கொள்ள இடம் தரும் பழைய 30-வது பிரிவு, அதாவது இன்றைய 24-வது பிரிவு, ஒரே குற்றத்துக்காகக் கூட்டாக விசாரிக்கப்படுவோருக்குத்தான் பொருந்தும். சொல்பவர் தன்னையும் குற்றத்தில் சிக்க வைத்திருக்க வேண்டும். ‘நான் வண்டி ஓட்டியதோடு சரி, மற்றது எதுவும் எனக்குத் தெரியாது’ என்று நழுவும் வாக்குமூலம் இதில் அடங்காது. தலைமறைவானவர் இல்லாமல் நடக்கும் விசாரணையையும் கூட்டு விசாரணையாகக் கருதும் விளக்கம் புதிய சட்டத்தில் சேர்ந்திருப்பதால், வழக்கு பிரிக்கப்பட்டதை வைத்து மட்டும் வாதிடுவது இனி போதாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு வரிசையில் நேர்கிறது. ஒப்புதலை முதலில் படித்துவிட்டு அதற்கு ஆதரவு தேடுவார்கள். காஷ்மீரா சிங் வழக்கில் 1952-லும், ஹரிசரண் குர்மி வழக்கில் 1964-லும் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இதற்கு நேர்மாறானது: ஒப்புதலை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு மற்றச் சாட்சியங்களை எடைபோட வேண்டும், அவை தண்டனைக்குப் போதுமானவை என்று தோன்றிய பிறகும் ஐயம் எஞ்சினால், உறுதி சேர்க்க மட்டும் ஒப்புதலைப் பார்க்கலாம். சத்தியப் பிரமாணம் இல்லாமல், குறுக்கு விசாரணைக்கு உட்படாமல் வரும் கூற்றுக்கு அவ்வளவுதான் மதிப்பு. மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புக்காகக் கூண்டேறிச் சாட்சி சொல்லும் உடன் குற்றவாளியான அப்ரூவரின் நிலை வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கான நளினி வழக்கின் 1999-ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சாதாரணக் கொலை வழக்கில் காட்டுவோரும் உண்டு. அங்கே இணை எதிரியின் ஒப்புதல் முழுச் சாட்சியமாக ஏற்கப்பட்டது பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாச் சட்டத்தின் 15-வது பிரிவினால். அந்தச் சட்டமோ 1995-லேயே காலாவதியாகிவிட்டது.