பாலைவனப் பயணத்துக்கு எந்த ஜிபிஎஸ், எந்த வரைபடம்?

போனே போதாதா என்று கேட்பீர்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால் வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளிதான் தெரியும். அப்புறம் வெயில். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் உச்ச வரம்பே 35 டிகிரிதான், கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் வைத்தால் சூடேறித் திரை மங்கி, கடைசியில் அணைந்தே போகும். அதனால் வெயிலிலும் திரை தெளிவாகத் தெரிகிற, மாற்று பேட்டரி போடக்கூடிய கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்குங்கள், போன் துணைக்கு இருக்கட்டும்.

வரைபடத்தில், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு இலவசம், தடங்களுக்கு நல்லது. ஆனால் மணல்மேடு நகரும், தடம் மூடிப்போகும், ஆகவே செயற்கைக்கோள் படத்தையும் சேர்த்து இறக்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஆயத்தொலைவு வடிவத்தில், அதாவது இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதும் விதத்தில். அட்சரேகை 24.50 டிகிரி என்றால் 24 டிகிரி 30 நிமிடம், ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால். அதை 24 டிகிரி 50 நிமிடம் என்று அடித்தால் சுமார் 37 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். கூட வரும் எல்லா வண்டிகளிலும் ஒரே வடிவம், டபிள்யூஜிஎஸ் 84 என்ற (ஜிபிஎஸ் பயன்படுத்தும்) ஒரே ஆயத்தொலைவு அமைப்பு இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். காகித வரைபடமும் திசைகாட்டியும்? சரி, பழைய பழக்கம்தான், ஆனால் அவற்றுக்கு சார்ஜ் தேவையில்லை.