பழைய கணினிக்கு ரேம் கூட்டியதும் திரை வரவில்லையா? இந்த ஒழுங்கில் பாருங்கள்

உவர்மலையில் அக்கா வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டொப் இருக்கிறது. இன்டெல் ஜி41 சிப்செட் உள்ள மதர்போட் (தாய்ப்பலகை), கோர் 2 டுவோ புரொசெசர், 2 ஜிபி டிடிஆர்3 வகை ரேம் (நினைவகம்). மருமகள் ஏ.எல். வகுப்புக்கு ஸூமைத் திறந்துவிட்டு பிரௌசரையும் திறந்தால் எல்லாம் இறுகி நின்றுவிடும். இப்போதைய விலைக்குப் புதுக் கணினி வாங்குவது லேசான காரியமில்லை. அதனால் 4 ஜிபி ரேம் ஒன்று வாங்கி, காலியாக இருந்த ஸ்லொட்டில் போட்டோம். மின்விசிறி சுற்றியது, விளக்கும் எரிந்தது, திரை மட்டும் கறுப்பு.

இப்போது அது நன்றாக ஓடுகிறது. இதே வயதுக் கணினிகள் திருகோணமலையில் இன்னும் பல வீடுகளில் பாவனையில் இருப்பதால், எதற்குப் பிறகு எதைப் பார்க்கவேண்டும் என்று எழுதிவைக்கிறேன். ரேம் பழுது என்று முடிவுகட்டி வீசிவிடாதீர்கள். பெரும்பாலும் ரேமில் பிழை இருக்காது. அந்த மதர்போட்டுக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

கேஸிங் திறப்பதைப் பற்றி நீட்டப்போவதில்லை. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள், கேஸிங்கின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமில் கை வையுங்கள்.

பழைய ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள்

புதியதைக் கழற்றி வைத்துவிட்டு, பழையதை அது முன்பிருந்த ஸ்லொட்டிலேயே போட்டு ஓன் செய்யுங்கள். திரை வந்தால் மதர்போட் நன்றாக இருக்கிறது. அப்புறம் புதியதைத் தனியாக, ஒவ்வொரு ஸ்லொட்டிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டு பக்கக் கிளிப்பும் தானாக மூடி 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தவேண்டும். பழைய போட்களில் இதற்குக் கொஞ்சம் பலம் தேவைப்படும்.

நீண்ட பீப் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தால் அது அநேகமாக ரேமைப் பற்றிய முறைப்பாடுதான். பீப்பே இல்லாவிட்டால் குழம்ப வேண்டாம், பல கேஸிங்குகளுக்குள் அந்தச் சின்ன ஸ்பீக்கரே இருப்பதில்லை.

பழையதும் வேலை செய்யவில்லை என்றால் சுத்தம் செய்யுங்கள்

நம்முடைய ஊருக்கு இது முக்கியம். உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர் என்று கடலுக்குக் கிட்ட உள்ள வீடுகளில் உப்புக்காற்று கேஸிங்குக்குள்ளும் போகும். மாரியில் ஈரமும் சேர்ந்தால் ரேமின் பொன்னிறப் பற்களில் மங்கலான ஒரு படலம் படியும். வருடக்கணக்காக அசையாமல் இருந்த ரேமைக் கழற்றித் திரும்பப் போடும்போது தொடுகை கெட்டுப்போவது அதனால்தான்.

பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பர் போதும். பற்கள் நீண்டிருக்கும் பக்கமாகவே மெதுவாகத் தேய்த்து, துகளைத் துணியால் துடைத்துவிட்டு, ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் ஒருமுறை இழுத்து, நன்றாகக் காயவிடுங்கள். மணல்தாள் வேண்டவே வேண்டாம், பேனா மை அழிக்கும் சொரசொரப்பான றப்பரும் கூடாது. அந்தப் பொன்பூச்சு மிக மெல்லியது. ஸ்லொட்டுக்குள் வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். காய்ந்த, மிருதுவான தூரிகைதான் நல்லது.

அதன் பிறகும் திரை வராவிட்டால், பிளக் கழற்றிய நிலையில், மதர்போட்டில் நாணயம்போல் இருக்கும் சிஆர்2032 பட்டரியைச் சில நிமிடம் எடுத்துவிட்டுப் போடுங்கள். பயோஸ் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) தன் பழைய கணக்கை மறந்து ரேமைப் புதிதாகப் பார்க்கும். திகதியும் நேரமும் மாறிவிடும், திருத்திக்கொள்ளுங்கள்.

சிப்பை எண்ணுங்கள்

எங்களை அலைக்கழித்த இடம் இதுதான். பழைய ரேமில் கணினி ஓடுகிறது, புதியது எந்த ஸ்லொட்டிலும் எழும்பவில்லை. அதே புதிய ரேமைத் தெரிந்த ஒருவரின் கணினியில் போட்டால் அருமையாக வேலை செய்கிறது.

காரணம் சிப்பின் அடர்த்தி, அதாவது ரேமில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு கறுப்புச் சிப்பும் எவ்வளவு கொள்ளும் என்பது. 4 ஜிபி டிடிஆர்3 ரேமை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒரு சிப்புக்கு 2 ஜிகாபிட் வீதம் 16 சிப், அல்லது 4 ஜிகாபிட் வீதம் 8 சிப் (8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி). மொத்தம் ஒன்றுதான், கடையில் சொல்லும் பெயரும் ஒன்றுதான். ஆனால் மதர்போட்டில் ரேமைக் கையாளும் ஜி41 சிப்செட்டுக்கு 4 ஜிகாபிட் சிப்பை வாசிக்கத் தெரியாது. அதில் 8 சிப் ரேமைப் போட்டால் திரை வராது, அல்லது பாதி அளவு மட்டும் காட்டும். பிந்திய காலத்தில் செய்த 4 ஜிபி ரேம்களில் பெரும்பாலானவை 8 சிப் வகை. ஆகவே பளபளவென்று புதிதாக இருப்பதை வாங்குகிறவருக்குத்தான் இந்தச் சிக்கல் வரும்.

ரேமைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் பாருங்கள். பக்கத்துக்கு எட்டாக இரு பக்கமும் சிப் இருக்கவேண்டும். லேபலில் '2ஆர்x8' என்ற குறி இருக்கும். '1ஆர்x8' என்று இருந்து, ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் ஜி41க்கு அது வேண்டாம். அக்கா வீட்டுக்குக் கடைக்காரரிடம் சொல்லி, பாவித்த 16 சிப் ரேம் ஒன்றை மாற்றி எடுத்தோம். போட்டவுடன் 6 ஜிபி காட்டியது. பழைய கணினிக்குப் புது ரேமைவிட, அதே காலத்துக் கணினியில் கழற்றிய ரேமைத்தான் நான் விரும்புவேன்.

வாங்கப் போகுமுன் வகையையும் உறுதிப்படுத்துங்கள். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதன் ஸ்லொட்டில் இறங்காது. சிபியு-இசட் மென்பொருளின் 'மெமரி' பக்கத்தில் பார்த்தால் தெரியும். வேகம் கூடிய ரேம் பொதுவாக மதர்போட்டின் வேகத்துக்கு இறங்கி ஓடும், அதற்காகக் கவலை வேண்டாம்.

திரை வந்தது, அளவு குறைகிறது

4 ஜிபி போட்டும் 3.25 என்று காட்டினால் உங்கள் விண்டோஸ் 32 பிட். அதன் முகவரிக் கணக்கு 4 ஜிபியோடு முடிகிறது, அதிலும் ஒரு பகுதியை கிராபிக்ஸ் போன்றவை பிடித்துக்கொள்ளும். 64 பிட் போட்டால்தான் தீரும். ஏற்கனவே 64 பிட் என்றால் விண்டோஸின் 'எம்எஸ்கொன்பிக்' (msconfig) என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, பூட் பக்கத்தின் அட்வான்ஸ்ட் பகுதியில் 'மெக்ஸிமம் மெமரி'க்கு யாராவது சரி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். விண்டோஸோடு வரும் சோதனையைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. சிவப்பில் ஒரேயொரு பிழை வந்தாலும் அந்த ரேமை வைத்திருக்க வேண்டாம்.

பிறகு சேர்த்தது: கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். 16 சிப் எண்ணித்தான் வாங்கினாராம், அவருடைய இன்டெல் போட்டில் அப்படியும் திரை இல்லை. லேபலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். '2ஆர்x8' குறி இல்லை, விளம்பரத்தில் 'ஏஎம்டி மட்டும்' என்று போட்டிருந்தது. இணையத்தில் மலிவாக வரும் இந்த வகையிலும் 16 சிப் இருக்கும், ஆனால் சிப்பின் அமைப்பு வேறு. ஏஎம்டி போட்டில் ஓடும், இன்டெலில் ஓடாது. ஆகவே எண்ணிக்கையோடு லேபலின் குறியையும் பாருங்கள். இணையத்தில் வாங்குவதென்றால், பணம் அனுப்புமுன் லேபல் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.