வில்பத்து போகிறீர்களா? முதல் நாளே அனுராதபுரத்தில் தங்கிவிடுங்கள்

யாழ்ப்பாணத்துக்கு லீவில் வருகிற பலர் சிறுத்தை பார்க்கத் தெற்கே யால தேசிய பூங்கா வரை ஓடுகிறார்கள். அவ்வளவு தூரம் தேவையில்லை. வில்பத்து அனுராதபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1,317 சதுர கிலோமீற்றர், இலங்கையின் மிகப் பெரிய தேசிய பூங்கா. யுத்தத்தால் மூடிக் கிடந்ததை 2010இல் திரும்பத் திறந்தார்கள்.

பிரதான வாசல் ஹுனுவிலகம. அனுராதபுரம்–புத்தளம் வீதியில் நொச்சியாகமவைத் தாண்டி, மரகஹவெவவில் வலப்பக்கம் திரும்பினால் ஏறத்தாழ 8 கிலோமீற்றர். காலை 6 மணிக்குத் திறப்பார்கள், மாலை 6 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து விடிய வெளிக்கிட்டால் வாசலுக்கு வரவே வெயில் ஏறிவிடும்; மிருகங்கள் நிழலுக்குள் போயிருக்கும். அதனால்தான் முதல் நாளே அனுராதபுரத்திலோ நொச்சியாகமவிலோ தங்கச் சொல்கிறோம்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குக் கட்டணம் டொலர்க் கணக்கில்; உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ கையில் கொண்டுபோங்கள். தமிழ் பேசுவது சான்றாகாது. சீட்டுக்கு மேல் குழுவுக்கான சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி எல்லாம் சேரும். ஜீப் வாடகை தனி. ஆறு பேர் ஒரே ஜீப்பில் போனால் தலைக்கு விழும் செலவு நன்றாகக் குறையும். வாடகைக்கு எடுத்த வான் வண்டியில் உள்ளே போகலாம் என்று நம்பி வராதீர்கள். மணலும் சேறுமான பாதை, நாலு சில்லும் இழுக்கிற வண்டிதான் வேண்டும்.

அரைநாளைவிட முழுநாள் எடுங்கள். இந்தக் காட்டின் உயிர் அதன் வில்லுகள்தான்: மழைநீர் தேங்கும் இயற்கைக் குளங்கள். அவை ஒன்றுக்கொன்று தூரத்தில் கிடப்பதால், அரைநாளில் சாரதி ஓடிக்கொண்டேதான் இருப்பார். சிறுத்தை நிற்கிறது என்று போனில் செய்தி வந்ததும் ஜீப்புகள் ஒரே இடத்துக்குப் பறக்கும். தூசியும் இரைச்சலும்தான் மிஞ்சும். ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணை, ஓட வேண்டாம். வில்லுக் கரையில என்ஜினை நிப்பாட்டிப்போட்டு இருப்பம்." அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் புள்ளிமான் கூட்டம் தண்ணீருக்கு இறங்கும், எதிர்க்கரையில் முதலை வாயைத் திறந்தபடி கிடக்கும். மான் திடீரெனக் குரல் கொடுத்தால் அந்தப் பக்கம் பாருங்கள். சிறுத்தை அங்கே நடமாடக்கூடும்.

மழை ஓய்ந்து வில்லு வற்றத் தொடங்கும் மாதங்களே நல்லவை. கரடி பார்க்க ஆசை என்றால் மே முதல் ஜூலை வரை, பாலைப்பழக் காலத்தில் வாருங்கள். கரடி மரத்திலேயே ஏறிப் பழம் தின்னும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, பாதைகள் மூழ்கும். புத்தளம் பக்கமுள்ள எழுவன்குளம் வாசலால் வர நினைப்பவர்கள் கலா ஓயா ஆற்றின் வெள்ள நிலைமையை விசாரிக்காமல் வரவே கூடாது.

சாப்பாட்டை லஞ்ச் ஷீட்டில் சுற்றாமல் பெட்டியில் கொண்டுபோங்கள், பொலித்தீன் உள்ளே கூடாது. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தூசிக்கு ஒரு துவாய், விடியக் குளிருக்கு மெல்லிய சட்டை. ட்ரோனை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது, பிள்ளைக்கு அவசரம் என்றாலும்கூட. புறப்படும் முன் வாசலிலேயே கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.