"சரிங்க" என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்

எங்கள் கொங்குப் பகுதி ஆட்களுக்கு முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்ல வராது. "பார்க்கலாமுங்க", "சரிங்க" என்று எழுந்து போய்விடுவார்கள். புதிதாகக் கவுன்சிலிங் கொடுக்க வருகிறவர்கள் இங்கேதான் முதலில் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங்கில் வேலை செய்யும் ஒரு அக்கா வந்தார். தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு. மனதில் ஓடுவதை ராத்திரி ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன். "சரிங்க." அடுத்த வாரம் நோட்டு வரவில்லை; "மறந்துட்டனுங்க." மூன்றாம் வாரமும் அதே. இவருக்கு அக்கறை இல்லை என்று நான் முடிவு கட்டினேன். நாலாவது வாரம், "இந்த நோட்டு வேலை உங்களுக்குத் தோதுப்படலையா?" என்று கேட்ட பிறகுதான் சொன்னார்: "ஒரே ரூமுங்க. எழுதி வெச்சா மாமியா எடுத்துப் படிச்சுப்போடுவாங்க."

எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் ஆலோசகருக்கும் வருகிறவருக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்தார்: எதற்காக வந்தோம் என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து, அதற்கு என்ன செய்வது என்பதில் ஒத்த கருத்து, ஒருவர் மேல் ஒருவருக்குப் பிடிப்பு. எங்களுக்குள் பிடிப்பு இருந்தது. நடுவில் உள்ளதுதான் இல்லை. இப்போதெல்லாம் "இதில் எது உங்களுக்கு ஒத்துவராது?" என்றே கேட்கிறேன். "சரியா?" என்று கேட்டால் "சரிங்க"தான் வரும்.

அப்புறம், "எந்த ஊருங்க, யாரு வீடு?" என்கிற விசாரிப்பு. சந்தையில் அது மரியாதை. கவுன்சிலிங் அறையிலோ, அடுத்து எந்தக் கூட்டம் (குலம்) என்று கேட்பாரோ, நமக்குத் தெரிந்தவர்களுக்குச் சொந்தமாக இருப்பாரோ என்று வந்தவர் வாயை மூடிக்கொள்வார்.

கூட்டி வந்த பெரியப்பா மறுநாள் போன் செய்து, "பையன் என்னங்க சொன்னான்?" என்பார். அக்கறைதான், ஆனாலும் சொல்லக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் உண்டு. இதையெல்லாம் முதல் நாளே, பெரியப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். போனில் மறுத்தால் அவருக்கு அவமரியாதையாகப் படும். பையன் பேசியதைச் சொல்லிவிட்டால் அவன் அத்தோடு வரமாட்டான்.

வருகிறவர் தன் வீட்டுக் கிடாவிருந்துக்குக் கூப்பிட்டால் வாழ்த்திவிட்டு நழுவிவிடுங்கள்.

வருகிறவர்களுக்கும் ஒன்று. ஆலோசகர் சொன்னது ஏதாவது தைத்துவிட்டால், "பஸ் கிடைக்கலைங்க" என்று நின்றுவிடாதீர்கள். அடுத்த முறை வந்து அதையே சொல்லுங்கள். அதற்கு அவர் கோபித்துக்கொண்டால் ஆளை மாற்றிக்கொள்ளலாம்.

அந்த அக்கா நோட்டை விட்டுவிட்டார். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எண்ணங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வருகிறார். போன வாரம், "போன தடவை நான் பேசறப்போ ரெண்டு வாட்டி கடியாரம் பாத்தீங்க" என்றார்.

பார்த்தேன்தான்.