பண்டரிபுரத்து விட்டலனுக்கும் சிலுவையா? கெர்சி கிரேவ்ஸைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

இயேசுவைப் போலவே கிருஷ்ணரும் கன்னிக்குப் பிறந்தவர், அவர் பிறந்ததும் டிசம்பர் 25, அவரும் சிலுவையில் இறந்தவர். இப்படி ஒரு பட்டியல் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். அதன் முக்கியமான ஊற்று அமெரிக்கரான கெர்சி கிரேவ்ஸ் (1813–1883). குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து, மத அதிகாரத்தை ஏற்காத சுதந்திரச் சிந்தனையாளராக மாறியவர். சிலுவையில் அறையப்பட்ட இரட்சகர்கள் உலகில் பதினாறு பேர் என்று 1875-இல் புத்தகமே போட்டார்.

எண்ணைப் பார்த்து மயங்குவதுதான் முதல் தவறு. அந்தப் பதினாறு பேரில் நம் விட்டோபாவும், அதாவது பண்டரிபுரத்து விட்டலனும், ஒருவர்! இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு செங்கல் மேல் நிற்கிற பாண்டுரங்கனை எந்தச் சிலுவையில் அறைவது? கிரேவ்ஸ் பெரிதும் நம்பியது 1836-இல் வெளிவந்த காட்ஃப்ரே ஹிக்கின்ஸின் ‘அனகலிப்சிஸ்’ நூலை. ஹிக்கின்ஸோ, எட்வர்ட் மூர் 1810-இல் வெளியிட்ட இந்து தெய்வங்கள் பற்றிய நூலில் காலில் துளையுள்ள ஓர் உருவத்தின் படத்தைப் பார்த்து, ஆணி அடித்த காயம் என்று முடிவுகட்டியவர். படத்திலிருந்து ஊகம், ஊகத்திலிருந்து பட்டியல். நடுவில் யாரும் பண்டரிபுரத்தில் விசாரிக்கவில்லை.

மூலக்கதையைத் திறக்காமல் பட்டியலை மட்டும் நம்புவது அடுத்தது. கிருஷ்ணர் தேவகிக்கு எட்டாவது பிள்ளை. இதில் கன்னி எங்கே வந்தாள்? பிறந்தது ஆவணி மாதத் தேய்பிறை அட்டமியில். இறந்தது மான் என்று நினைத்து ஜரா என்ற வேடன் விட்ட அம்பு காலில் தைத்து. சீடை முறுக்கு சுட்டுக் கோகுலாஷ்டமி கொண்டாடுகிற வீட்டில் யாரைக் கேட்டாலும் பாதியாவது சொல்லிவிடுவார்கள். அப்புறம், இயேசு பிறந்த தேதியை எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. ஆக, டிசம்பர் 25 ஒப்பீடு இரண்டு பக்கமும் நிற்காது.

பெயர் ஒலியை வைத்து உறவு கொண்டாடுவதும் அப்படித்தான். கிருஷ்ணன் என்றால் கரியவன். கிறிஸ்து என்ற கிரேக்கச் சொல்லுக்கு எண்ணெய் பூசி அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள்.

சரி, கிரேவ்ஸ் சறுக்கினார் என்பதற்காக ஒப்பீடே வெட்டி வேலை என்று ஒதுக்குவதும் தவறுதான். எனக்கு அதுதான் பெரிய தவறாகப் படுகிறது. தன்னை அழிக்கப்போகும் குழந்தைக்குப் பயந்து கம்சன் பச்சைக் குழந்தைகளைக் கொன்றான். மத்தேயு சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரத்தில் ஏரோது மன்னனும் அதே வேலையைச் செய்கிறான். இந்த ஒற்றுமை இரண்டு மூலங்களிலும் உண்மையாகவே இருக்கிறது.