கணப்படுப்பைப் புகையில்லாமல் எரிக்க

பாதி வேலை விறகிலேயே முடிந்துவிடும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகின் சூடு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். பிளந்து, மேலே மட்டும் மூடி, காற்றோட்டமாக ஒரு வருஷமாவது அடுக்கி வையுங்கள். நன்றாகக் காய்ந்த கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்'கென்று கேட்கும், முனையில் வெடிப்பு ஓடியிருக்கும்.

நான் பெரிய கட்டைகளை அடியில் வைத்து, சுள்ளிகளை மேலே போட்டு, உச்சியில்தான் பற்றவைப்பேன். கீழிருந்து கிளம்பும் புகை அந்தத் தீயிலேயே எரிந்துபோகும். கட்டை பிடிக்கும்வரை அடுப்பின் காற்றுத் திறப்பு முழுசாகத் திறந்திருக்கட்டும்; அப்புறம் கொஞ்சம் குறைக்கலாம். ராத்திரி முழுக்கக் கனன்றுகொண்டே இருக்கட்டும் என்று அந்தத் திறப்பை அடைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. புகைபோக்கிக்குள் தார் படியும், அது தீப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு முறையாவது அதைச் சுத்தம் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம் வேண்டும். அந்த விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது.